படம் இல்லை, சத்தம் இல்லை... ஆனாலும் இது கேம்தான்!

கோடை விடுமுறைக்குக் கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதை நெருங்குகிறது. கிளாக்கோமா வந்து இரண்டு கண்களிலும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. இப்போது ஜன்னல் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற அளவுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். ரேடியோவும் திண்ணையும்தான் அவருடைய உலகம்.

ஏழாம் வகுப்பு முடித்த என் மகள், அதே திண்ணையில் உட்கார்ந்து மொபைலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன பாப்பா பண்றே?”

“கேம் ஆடுறேன் தாத்தா.”

“நானும் ஆடலாமா?”

அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கும்தான். கார் ஓட்டுவது, மிட்டாய் உடைப்பது, ஓடிக்கொண்டே காசு பொறுக்குவது என்று அவள் போனில் இருந்ததெல்லாம் கண்ணால் பார்த்து ஆடுகிற விளையாட்டுகள். பெரியப்பா சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார். ஆனால், அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. அன்று ராத்திரி தேட ஆரம்பித்ததில் கிடைத்ததுதான், நாற்பது வருடங்களுக்கும் மேலாக இருந்துவரும் ஒரு விளையாட்டு வகை. அதன் பெயர் டெக்ஸ்ட் அட்வென்ச்சர். நாம் எழுத்து சாகசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எப்படி ஆடுவது?

ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்ட தலைமுறைக்கு இது சட்டென்று புரியும். திரையில் படமே வராது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று நாலைந்து வரிகளில் கதை சொல்லும். பிறகு, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று காத்திருக்கும். ‘கதவைத் திற’, ‘விளக்கை எடு’, ‘வடக்கே போ’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால், அதற்கேற்ப அடுத்த காட்சி எழுத்தாக வரும். கதை சொல்கிறவரிடம் நடுவில் புகுந்து, “நான் அந்தப் பக்கம் போகமாட்டேன், இந்தப் பக்கம் போறேன்” என்று அடம் பிடிக்கலாம். அதற்கும் அது பதில் சொல்லும்.

இந்த வகையின் முதல் புகழ்பெற்ற விளையாட்டு பிறந்த விதமே ஒரு குடும்பக் கதை. அமெரிக்காவின் வில் க்ரௌதர் ஒரு புரோகிராமர். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டை உருவாக்கிய குழுவில் வேலை பார்த்தவர். மனைவி பேட்ரிஷியாவும் அவரும் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுகிறவர்கள். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்கும் பக்கத்து ஃப்ளின்ட் ரிட்ஜ் குகைகளுக்கும் இடையே இணைப்பு இருப்பதை 1972-ல் கண்டுபிடித்த குழுவில் பேட்ரிஷியாவும் இருந்தார். பிறகு கணவன் மனைவி பிரிந்தார்கள். தன்னைப் பார்க்க வரும் இரண்டு மகள்களும் ஆடுவதற்காக, தனக்குத் தெரிந்த குகையையே வார்த்தைகளால் கட்டினார் க்ரௌதர். 1970-களின் நடுவில் பிறந்த அந்த விளையாட்டுக்குப் பெயர் ‘அட்வென்ச்சர்’. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டான் வுட்ஸ் அதைப் பார்த்து, க்ரௌதரிடம் அனுமதி வாங்கி, 1977-ல் இன்னும் பெரிதாக்கினார்.

அதை ஆடிப் பார்த்து, ‘நாமும் ஒன்று செய்யலாமே’ என்று எம்.ஐ.டி-யில் நான்கு பேர் கிளம்பினார்கள். அவர்கள் எழுதியதுதான் ‘ஸார்க்’. நானும் என் மகளும் பெரியப்பாவும் ஆடியது அந்த ஸார்க்கின் முதல் பாகத்தைத்தான்.

கேசட் வேறு, டேப் ரெக்கார்டர் வேறு

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். நானும் குழம்பினேன். விளையாட்டு ஃபைலை டவுன்லோடு செய்தேன். தட்டினால் திறக்கவில்லை. ‘இந்த ஃபைலைத் திறக்க முடியாது’ என்றது போன்.

காரணம் இதுதான். விளையாட்டு ஃபைல் என்பது கேசட் மாதிரி. அதைப் போட்டுக் கேட்பதற்கு டேப் ரெக்கார்டர் வேண்டும். அந்த டேப் ரெக்கார்டர்தான் ‘இன்டர்ப்ரெட்டர்’ அல்லது ‘பிளேயர்’ என்று சொல்லப்படும் புரோகிராம்.

ஏன் இப்படிப் பிரித்து வைத்தார்கள்? ஸார்க்கை எழுதியவர்கள் 1979-ல் நண்பர்களோடு சேர்ந்து ‘இன்ஃபோகாம்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம். ஆப்பிளுக்கு எழுதியது அட்டாரியில் ஓடாது. அட்டாரிக்கு எழுதியது கமடோரில் ஓடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. அதனால், உலகத்தில் எங்கேயுமே இல்லாத ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை அவர்கள் வடிவமைத்தார்கள். அதற்கு ‘இசட் மெஷின்’ என்று பெயர். விளையாட்டுகளை எல்லாம் அந்தக் கற்பனைக் கம்ப்யூட்டருக்காக எழுதினார்கள். நிஜ கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும், இசட் மெஷின் போல நடிக்கும் ஒரு சின்ன புரோகிராமை மட்டும் வைத்தார்கள். அதுதான் பிளேயர்.

எம்.ஐ.டி-யில் பெரிய கம்ப்யூட்டரில் இருந்த ஸார்க், வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் அடங்கவில்லை. அதை வெட்டி மூன்று பாகங்களாக வெளியிட்டார்கள். முதல் பாகம் 1980-ல் வந்தது. 1986-ல் இன்ஃபோகாமை ஆக்டிவிஷன் வாங்கியது. 1989-ல் அந்த அலுவலகமே மூடப்பட்டது. அந்தக் காலக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பரணுக்கும் பழைய இரும்புக்கடைக்கும் போய்விட்டன. ஆனால் விளையாட்டுகள் சாகவில்லை. இசட் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதை ரசிகர்களே ஆராய்ந்து கண்டுபிடித்து, புதிய பிளேயர்களை எழுதிவிட்டார்கள். 1990-களில் வந்த ‘ஃப்ராட்ஸ்’ அவற்றில் புகழ்பெற்றது. 1993-ல் கிரஹாம் நெல்சன் என்ற ஆங்கிலேயர், இசட் மெஷினுக்குப் புதிய விளையாட்டுகளை எழுதும் ‘இன்ஃபார்ம்’ என்ற கருவியையே உருவாக்கினார். 1995-லிருந்து ஆண்டுதோறும் புதிய விளையாட்டுகளுக்குப் போட்டி நடக்கிறது.

டேப் ரெக்கார்டர் மாறிக்கொண்டே இருக்கிறது. கேசட் அப்படியே இருக்கிறது. 1980-ல் வந்த கதை இன்றைய போனில் ஓடுவது அதனால்தான்.

எந்த பிளேயர் யாருக்கு?

*ஆண்ட்ராய்டு போன்:* எதையும் இன்ஸ்டால் செய்யாமல் ஆடுவதுதான் சுலபம். ‘பார்ச்மென்ட்’ என்ற பிளேயர் பிரவுசருக்குள்ளேயே ஓடும். ‘இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன் டேட்டாபேஸ்’ என்று தேடுங்கள். ஆயிரக்கணக்கான விளையாட்டுகளின் பட்டியல் அதில் இருக்கிறது. பல விளையாட்டுகளின் பக்கத்தில் ‘ஆன்லைனில் ஆட’ என்ற பட்டனும் இருக்கும். அதைத் தட்டினால் போதும். பிரவுசர் மெனுவில் ‘ஹோம் ஸ்கிரீனில் சேர்’ என்பதைத் தட்டி வைத்துக்கொண்டால், அடுத்த முறை தேட வேண்டாம்.

*ஐபோன், ஐபேட்:* ‘ஃப்ராட்ஸ்’ ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்தின் அளவு, நிறம் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். நடுவில் போன் வந்தாலும், விட்ட இடத்தை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

*கம்ப்யூட்டர், லேப்டாப்:* விண்டோஸில் ‘விண்டோஸ் ஃப்ராட்ஸ்’ போதும். ‘கார்காயில்’ என்ற பிளேயர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இசட் மெஷின் மட்டுமல்லாமல் வேறு வகைக் கேசட்டுகளையும் வாங்கிக்கொள்ளும். அதன் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால் எழுத்துரு, அளவு, ஓர இடைவெளி, நிறம் என்று ஒவ்வொரு வரியாக இருக்கும். எண்ணை மாற்றி சேவ் செய்துவிட்டு, மறுபடி திறந்தால் மாறியிருக்கும். ஒரு குறிப்பிட்ட விளையாட்டுக்கு மட்டும் தனி அமைப்பு வைக்கவும் அதில் வழி உண்டு. மாற்றுவதற்கு முன் அந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைலைத் தனியாக டவுன்லோடு செய்கிறவர்கள் பெயரின் கடைசியைக் கவனியுங்கள். இசட்3, இசட்5, இசட்8 என்று முடிந்தால் இசட் மெஷின் கேசட். எந்த ஃப்ராட்ஸிலும் ஓடும். இசட்3 ஃபைல் அதிகபட்சம் 128 கே.பி.தான். வாட்ஸ்அப்பில் வரும் ‘குட் மார்னிங்’ படத்தைவிடச் சின்னதாகக்கூட இருக்கலாம்! இந்த ஃபைல்களைத் திறக்க உங்கள் கான்டாக்ட், கேமரா அனுமதி எதுவும் தேவையே இல்லை. அப்படிக் கேட்கும் ஆப் ஏதாவது வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

முதல் நாள் சொதப்பல்கள்

மறுநாள் காலை பார்ச்மென்டில் ஸார்க்கைத் திறந்து, மகளிடம் கொடுத்தேன். அவள் டைப் செய்ய வேண்டும், போன் படித்துக் காட்ட வேண்டும், பெரியப்பா யோசிக்க வேண்டும். இதுதான் திட்டம். ஆனால், முதல் நாள் அரை மணி நேரம் சொதப்பல்தான் நடந்தது. ஒவ்வொன்றையும் எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்கிறேன். உங்களுக்கு அந்த அரை மணி நேரம் மிச்சமாகட்டும்.

*கீபோர்டு:* என் போனில் ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் கீபோர்டு இருந்தது. ‘லாம்ப்’ என்று அடித்தால் ‘லம்ப்’ என்று தமிழில் விழுந்தது. விளையாட்டுக்குத் தமிழ் தெரியாதே! ஆங்கிலக் கீபோர்டுக்கு மாற்றினோம். அடுத்து ஆட்டோ கரெக்ட் வேலையைக் காட்டியது. வடக்கே போக ஒற்றை எழுத்து ‘என்’ அடித்தால், அது ‘இன்’ ஆக்கியது. கீபோர்டு செட்டிங்ஸில் ‘டெக்ஸ்ட் கரெக்‌ஷன்’ பகுதிக்குப் போய் ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்த பிறகுதான் நிம்மதி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் விளையாட்டுக்குக் கிடையாது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

*படித்துக்காட்டும் வசதி:* பார்வையற்றவர்களுக்காக ஆண்ட்ராய்டில் ‘டாக்பேக்’ இருக்கிறது. அதைப் போட்டதும் போனைத் தொடும் முறையே மாறிவிட, என் மகளால் டைப் செய்ய முடியவில்லை. பெரியப்பா தனியாக ஆடுவதென்றால் டாக்பேக்தான் சரி. பக்கத்தில் பார்வையுள்ள ஒருவர் டைப் செய்தால், ‘செலக்ட் டு ஸ்பீக்’ போதும். செட்டிங்ஸில் ‘ஆக்சஸிபிலிட்டி’ பகுதியில் அதை ஆன் செய்தால், திரையில் ஒரு சின்ன பட்டன் வரும். அதைத் தட்டிவிட்டு, பத்தியைத் தொட்டால் அதை மட்டும் படிக்கும். ஐபோனில் இதே வேலையை ‘ஸ்பீக் ஸ்கிரீன்’ செய்யும். ஆன் செய்துவிட்டு, இரண்டு விரல்களால் மேலிருந்து கீழே இழுத்தால் படிக்க ஆரம்பிக்கும்.

*குரல்:* முதலில் படித்த குரல் ஆங்கிலத்தைத் தமிழ் மாதிரி படித்தது. பெரியப்பா, “இது யாரு, நம்ம தெரு முனை டீக்கடைக்காரரா?” என்றார். ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ செட்டிங்கில் மொழியை ‘ஆங்கிலம் (இந்தியா)’ என்று மாற்றினோம். நம் ஊர் உச்சரிப்பில் வந்தது. அதே இடத்தில் வேகத்தைக் குறைக்கும் கோடும் இருக்கிறது. பாதிக்கும் கொஞ்சம் கீழே இழுத்து வைத்ததும், “இப்பத்தான் நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

*எழுத்தின் அளவு:* என் மகளின் கண்ணையும் பார்க்க வேண்டுமே. பிரவுசரின் செட்டிங்ஸில் ‘ஆக்சஸிபிலிட்டி’க்குப் போய் எழுத்தைப் பெரிதாக்கினோம்.

*முழு வர்ணனை:* ஸார்க்கில் ஓர் அறைக்கு முதல் தடவை போகும்போது மட்டும் முழுதாக விவரிக்கும். அடுத்த தடவை பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடும். கண்ணால் படிப்பவர் மேலே தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம். காதால் கேட்பவருக்கு அது முடியாது. ஆட்டம் தொடங்கியதும் ‘வெர்போஸ்’ என்று ஒரு வார்த்தை டைப் செய்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் முழு வர்ணனை வரும். பெரியப்பாவுக்கு இது பெரிய உதவியாக இருந்தது.

கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் வைத்து ஆடுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஃப்ராட்ஸில் ‘டம்ப்’ என்ற எளிய வடிவம் ஒன்று இருக்கிறது. அலங்காரம் எதுவும் இல்லாமல் வரிகளை மட்டும் வரிசையாகக் கொடுக்கும். பக்கம் நிரம்பினால் ‘மோர்’ என்று நின்று காத்திருப்பதையும் அதில் அணைத்துவிடலாம்.

ஒன்பது வார்த்தை போதும்

கட்டளைகளை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். உச்சரிப்பை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்.

• லுக் (சுருக்கமாக எல்): சுற்றி என்ன இருக்கிறது என்று மறுபடி சொல்லும்.
• இன்வென்ட்டரி (ஐ): கையில் என்னென்ன வைத்திருக்கிறோம் என்று சொல்லும்.
• எக்ஸாமின்: ஒரு பொருளை உற்றுப் பார்க்க. புதிய விளையாட்டுகளில் எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தே போதும்.
• டேக், டிராப்: எடுக்க, கீழே போட.
• ஓப்பன்: திறக்க.
• வெயிட் (இசட்): ஒன்றும் செய்யாமல் காத்திருக்க.
• சேவ், ரெஸ்டோர்: ஆட்டத்தைப் பத்திரப்படுத்த, மறுபடி எடுக்க.

திசைகளுக்கு என், எஸ், ஈ, டபிள்யூ என்ற முதல் எழுத்துகளே போதும். மேலே ஏற யு, கீழே இறங்க டி. ஸார்க் போன்ற இசட்3 விளையாட்டுகள் ஒரு வார்த்தையின் முதல் ஆறு எழுத்துகளைத்தான் பார்க்கும். அதனால் நீளமான வார்த்தையின் கடைசியில் ஸ்பெல்லிங் தப்பினாலும் பரவாயில்லை.

புதிய விளையாட்டுகளில் ‘அன்டூ’ என்று அடித்தால் கடைசியாகச் செய்தது ரத்தாகும். பழைய ஸார்க்கில் அந்தக் கட்டளை கிடையாது. அடிக்கடி சேவ் செய்வதுதான் ஒரே வழி. இதை நான் சரியாகச் செய்யவில்லை. அந்தக் கதைக்கு வருகிறேன்.

“இருட்டு எனக்குப் பழக்கம்தான்”

ஸார்க், ஒரு வெள்ளை வீட்டின் முன்னால் தொடங்கும். வாசல் கதவு பலகை அடித்து மூடப்பட்டிருக்கும். வீட்டைச் சுற்றி வந்து, பின்பக்க ஜன்னல் லேசாகத் திறந்திருப்பதைக் கண்டுபிடிக்கவே என் மகளுக்குப் பத்து நிமிடம் ஆனது. உள்ளே ஒரு விளக்கு, ஒரு வாள், ஒரு ஜமக்காளம். ஜமக்காளத்துக்குக் கீழே பாதாள அறைக்கு வழி. பாதாளத்தில் விளக்கில்லாமல் நடமாடினால் ‘க்ரூ’ என்ற ஜந்து விழுங்கிவிடும்.

விளக்கை ஏற்றாமலே இறங்கிவிட்டு, “தாத்தா, ஒரே இருட்டுன்னு சொல்லுது. இப்ப என்ன பண்றது?” என்று பதறினாள் மகள்.

“இருட்டு எனக்குப் பழக்கம்தான் கண்ணு. பதறாம கையில என்ன இருக்குன்னு கேளு” என்றார் பெரியப்பா.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர்களுக்கு அதுதான் வேலை. அவளுக்குத் தெரியாத ஆங்கில வார்த்தைக்கு அவர் அர்த்தம் சொல்வார். அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைபடம் போடுவாள். அவர் மனசிலேயே போட்டுக்கொள்வார். பாதாளத்தில் ஓர் அணைக்கட்டு வருகிறது. அதில் மதகைத் திறக்க வேண்டும். காவிரிக்கரையில் பிறந்தவருக்குச் சொல்லவா வேண்டும்? “தண்ணி வடிஞ்சாத்தான் அந்தப் பக்கம் வழி கிடைக்கும் பாப்பா. மதகைத் திறக்கிற சாவி எங்கேயாவது பக்கத்துல இருக்கும், தேடு” என்றார். எப்படித் திறந்தார்கள் என்று சொல்லமாட்டேன். நீங்கள் ஆடும்போது சுவாரஸ்யம் போய்விடும்.

நான் செய்த தப்பு

மூன்றாவது வாரம். 350 மதிப்பெண்ணுக்குப் பாதியைத் தாண்டியிருந்தார்கள். அன்று காலை, போன் மெதுவாக இருக்கிறதே என்று நான் பிரவுசர் ஹிஸ்டரியை எல்லாம் சுத்தம் செய்தேன். ‘குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் டிக் செய்துவிட்டேன்.

பிரவுசரில் ஆடும்போது ‘சேவ்’ செய்தது அந்த பிரவுசருக்குள்ளேதான் இருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சாயங்காலம் திறந்தால், மறுபடி அந்த வெள்ளை வீட்டு வாசல். மதிப்பெண் பூஜ்யம்.

மகள் அழுதுவிட்டாள். போதாததற்கு வரைபடம் போட்ட கணக்கு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தாள் பெரியம்மா. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நான் சொல்லச் சொல்ல அடி பாப்பா” என்றார்.

வடக்கு. மறுபடி கிழக்கு. ஜன்னலைத் திற. உள்ளே போ. மேற்கு. விளக்கை எடு. கமா, புள்ளி விடாமல் அவர் சொல்லிக்கொண்டே போனார். எந்த அறைக்கு எந்தப் பக்கம் வாசல், எதை எங்கே வைத்தோம், எந்தப் பாதை முட்டுச்சந்து என்று அத்தனையும் நினைவிலிருந்தே வந்தன. மூன்று வாரத்தில் கண்டுபிடித்த வழியை அன்று ஒரே மாலையில் கடந்தார்கள். நடுவில் வரும் திருடன் மட்டும் போன தடவை வந்த இடத்தில் வராமல் வேறு இடத்தில் வந்து முரண்டு பிடித்தான். ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரை மணிக்குத்தான்.

“எப்படி தாத்தா எல்லாம் ஞாபகம் இருக்கு?”

“நீ பார்த்து எழுதிவெச்சே. எனக்கு எழுதிவெக்க முடியாது. அதனால மறக்கவும் முடியாது” என்றார்.

படத்தால் செய்த விளையாட்டாக இருந்தால் இது நடந்திருக்காது. வார்த்தையால் கட்டிய வீட்டை வார்த்தையாலேயே மறுபடி கட்ட முடிந்தது.

எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பெரியப்பா இருக்கமாட்டார் என்பதால், மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். ஒன்று, சேவ் செய்யும்போது ஒரே பெயரில் செய்யாமல் தேதியோடு வேறு வேறு பெயரில் செய்யுங்கள். இரண்டு, பிரவுசரைச் சுத்தம் செய்யும்போது ‘சைட் டேட்டா’ கட்டத்தில் கைவைக்காதீர்கள். மூன்று, ‘ஸ்கிரிப்ட்’ என்ற கட்டளையை ஏற்கும் பிளேயராக இருந்தால் ஆட்டத் தொடக்கத்திலேயே அதைக் கொடுங்கள். திரையில் வரும் அத்தனையையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிடும். பிறகு சும்மா படித்துப் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

எதில் தொடங்கலாம்?

ஸார்க் கொஞ்சம் கடினம். வழி சொல்லாமல் விட்டுவிடும். புதிதாக ஆடுகிறவர்கள் ஆண்ட்ரூ ப்ளாட்கின் 2004-ல் எழுதிய ‘தி ட்ரீம்ஹோல்ட்’ விளையாட்டில் தொடங்கலாம். புதியவர்களுக்கென்றே எழுதப்பட்டது. தடுமாறினால் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கும். சிரிக்க வேண்டுமென்றால், 2007 போட்டியில் முதல் பரிசு பெற்ற ‘லாஸ்ட் பிக்’. தொலைந்துபோன பன்றியைத் தேடும் ஒரு வெகுளியின் கதை. அவன் பேசும் ஆங்கிலம் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக இருக்கும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் கிராமர் கற்றுக்கொள்ள வேண்டாம்!

பயங்கரம், கொலை, பெரியவர்களுக்கான விஷயங்கள் உள்ள விளையாட்டுகளும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் விளையாட்டைப் பற்றிய குறிப்பையும் விமர்சனத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஸார்க்கை 1997-லேயே ஆக்டிவிஷன் இலவசமாகக் கொடுத்தது. ஆக்டிவிஷனை இப்போது வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட், 2025 நவம்பரில் மூன்று பாகங்களின் மூல நிரல்களையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. புரோகிராமிங் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நல்ல விருந்து.

தமிழில் ஆட முடியாதா?

பெரியம்மா கேட்ட கேள்வி இது. இசட் மெஷின் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மொழிகளுக்கு ரசிகர்கள் அதைப் பழக்கியிருக்கிறார்கள். தமிழில் இரண்டு சிக்கல். நாம் ‘விளக்கை எடு’, ‘விளக்கால் பார்’, ‘விளக்கில் ஊற்று’ என்று வேற்றுமை உருபு சேர்ப்போம். இந்த மூன்றிலும் இருப்பது ஒரே விளக்குதான் என்று புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடுத்து, பல பழைய பிளேயர்கள் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று ஒதுக்குபவை. நம் கொம்பும் காலும் அதில் பிரிந்து நிற்கும்.

ஆனால், டைப் செய்யாமல் வழியைத் தேர்ந்தெடுக்கும் கதை விளையாட்டைத் தமிழிலேயே எழுதலாம். 2009-ல் வந்த ‘ட்வைன்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. அதில் எழுதுவது பிரவுசரிலேயே ஓடும் என்பதால் தமிழ் எழுத்து சரியாகத் தெரியும், போன் தமிழ்க் குரலில் படித்தும் காட்டும்.

விடுமுறை முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் போன் அடிக்கும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, லேப்டாப்பில் ஃப்ராட்ஸைத் திறப்பாள் மகள்.

“பாப்பா, போன வாரம் எங்கே நின்னோம்?”

“நீங்களே சொல்லுங்க தாத்தா” என்பாள் அவள். தாத்தா சொல்ல ஆரம்பிப்பார்.